பழைய பெட்டிக்கு எப்படிப் போடுவது

அக்காவுக்கு வேலை கிடைத்த அறையில் அதற்கு முன்னால் கைக்குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா அது. தோட்டத்தில் புதிய பிள்ளைக்காம்பரா கட்டியதும் பழையது பூட்டிக் கிடந்தது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, சுவருக்கு மஞ்சள் அடித்து, நீள மேசையும் உட்கார வாங்குகளும் போட்டு, ஒரே ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பிரின்டரையும் கொண்டுவந்து வைத்தார்கள். கூரையில் தொட்டில் கட்டும் கொக்கிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் பழகப் போன நாங்கள் எங்கள் முறை வரும்வரை அந்தக் கொக்கிகளை எட்டிப் பிடிக்கக் குதித்துக்கொண்டிருப்போம்.

இது இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில். எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருந்தது. நான் ஆறாம் வகுப்பில் படித்தேன். அக்கா உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகத்துக்குப் போதாத புள்ளிகள் எடுத்து, பதுளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் உயர்தரம் வரைக்கும் போன முதல் பெண் அவள்தான். அப்படிப் போன பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்ப மனசு வரவில்லை. வேறெங்கும் அனுப்ப வழி தெரியவில்லை. குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிற ஒருவர் பதுளையிலிருந்து அவ்வப்போது வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார். அம்மா அவருக்குச் சீனி கூடவே போட்டுக் கொடுப்பாள். பதில் மட்டும் கொடுக்கமாட்டாள்.

கம்ப்யூட்டர் அறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றபோது அக்காவைப் போட்டார்கள். இப்போதைக்குத் தற்காலிகம்தான், கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து முறைப்படி திறந்து வைத்ததும் நிரந்தரமாக்கி விடுவோம் என்றார்கள். அடுத்த முறை குவைத்துக்காரர் வந்தபோது அப்பாவே எழுந்து வாசலுக்குப் போய், "புள்ளைக்கு இங்கேயே வேலை ஆயிருச்சுங்க" என்றார். அப்பா அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த மனிதருக்கு பிளேன்டீயும் கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டரைப் பூட்டிப் பொருத்தித் தந்தவர் யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர். நிறுவனத்தின் கொழும்பு ஆபீசில் வேலை செய்தார். அவர் அதில் போட்டிருந்தது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். இதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை, வைரஸும் வராது என்று அக்காவுக்கு விளக்கிச் சொன்னார். எனக்கு விளங்கியது அதில் ஒரு பென்குவின் இருந்தது என்பது மட்டும். அம்மா ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது கூடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அதென்ன கறுப்பு வாத்து" என்று கேட்டாள். அதிலிருந்து லயத்துப் பிள்ளைகளுக்கு அது வாத்துக் கம்ப்யூட்டர் ஆயிற்று.

அந்த வாத்து ஒரு தட்டை மொனிட்டரில் இருந்தது. வெள்ளி நிற ஓரம் வைத்த, கையகலத் தடிப்புக்கூட இல்லாத புத்தம் புதிய மொனிட்டர். அதில் தமிழ் எழுத்துகள் எறும்பு மாதிரிச் சின்னதாகவும் தெளிவாகவும் தெரியும். அக்கா தன் பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை வெட்டி அதற்கு ஓர் உறை தைத்திருந்தாள். சாயந்தரம் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, மொனிட்டரை ஒருமுறை துடைத்து, உறையை மாட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு வருவாள்.

அறைக்கு இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று அக்காவிடம். மற்றது பெரிய கிளாக்கரிடம். தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தரான அவர்தான் கம்ப்யூட்டர் அறைக் கமிட்டிக்கும் தலைவர். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. அவருக்கு அதட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நாள் முழுக்க மலையில் நின்று, சாயந்தரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாவுக்கு அந்த நாள் முழுப் பேராக விழுமா, அரைச் சம்பளத்தோடு அரைப் பேராக விழுமா என்பது கடைசியில் அவருடைய மேசையில்தான் தீரும். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். மழை நாளில் நனையாமல் செய்கிற அந்த வேலையை அப்பாவுக்குக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேராக கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். அக்கா மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளை உறை அவள் கையில் இருந்தது. மேசையில் இருந்தது வேறொரு மொனிட்டர். பின்பக்கம் பெரிய முதுகு வைத்த, மஞ்சள் பிடித்த பழைய பெட்டி. அக்கா அந்த உறையை அதற்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஓரத்தில் தையல் விட்டிருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டாள். முதலில் வெள்ளை எழுத்துகள் வழக்கம்போல மேலிருந்து கீழே ஓடின. வாத்து வரவேண்டிய நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டு எல்லாம் கறுத்துப் போனது. அந்தக் கறுப்பில் ஆங்கில எழுத்தோடு ஒரு சின்னக் கட்டம் மட்டும் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. அவுட் ஒஃப் ரேஞ்ச் என்று அக்கா மெதுவாக வாசித்தாள். அணைத்துப் போட்டாள். மறுபடியும் எழுத்து, டக், கறுப்பு.

"இது நம்ம மொனிட்டர் இல்லையேக்கா" என்றேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. வாசலில் நின்ற மற்றப் பிள்ளைகளைப் பார்த்து, "இன்னைக்கு கிளாஸ் இல்ல. போங்க எல்லாரும்" என்றாள்.

சாயந்தரம் அப்பாவும் அக்காவும் பெரிய கிளாக்கரின் குவாட்டர்ஸுக்குப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். அவர் சாரத்தோடு வெளியே வந்து, அப்பாவை உட்காரச் சொல்லாமல், எனக்கு மட்டும் ஒரு டொஃபி கொடுத்தார். அக்கா கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னாள். மொனிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் பக்கத்து அறையின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற அவருடைய மகன் கார் ஓட்டும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். சிவப்புக் கார், பச்சைப் புல், வெள்ளி நிற ஓரம். நான் அக்காவின் பாவாடையை இழுத்தேன். அவள் குனிந்து பார்க்கவில்லை. என் கையைத் தன் பாவாடையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கரண்ட் கூடக் குறைய வந்திருக்கும்மா. நீயே பாத்துச் சரி பண்ணிக்க. அதுக்குத்தானே உன்னப் போட்டது" என்றார் பெரிய கிளாக்கர். திறப்பு விழா தீபாவளி முடிந்து அடுத்த மாதம் வைத்திருப்பதாகவும், அதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில் நான் டொஃபியைச் சப்பிக்கொண்டே அந்தக் கார் என்ன வேகத்தில் போனது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து சித்தப்பா வந்தார். புறக்கோட்டையில் ரேடியோ, டிவி விற்கிற கடையில் நிற்பவர். மின்சாரத்தில் ஓடுகிற எதையும் தன்னால் சரி பண்ண முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. அக்காவோடு அறைக்கு வந்து, மொனிட்டரின் மண்டையில் முதலில் லேசாகவும் பிறகு கொஞ்சம் உறுதியாகவும் தட்டினார். பின்னாலிருக்கும் வயரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்கச் சொல்லி என்னை நிறுத்தினார். இது என்ன டிவியா என்று அக்கா கேட்டதற்கு, படம் வருகிற எல்லாம் ஒரே சாதிதான் என்றார். கடைசியில், லினக்ஸ்தான் இதற்கெல்லாம் காரணம், ஓசியில் கொடுக்கிற எதுவும் ஒழுங்காக இருக்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாப்பிட வந்தார்.

சாப்பிடும்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. "அண்ணே, புதுக் கம்ப்யூட்டரு குடுத்தவங்க இவ்வளவு பழைய மொனிட்டரா குடுப்பாங்க? யாரோ மாத்தியிருக்காங்கண்ணே" என்றார்.

"தெரியும்" என்றார் அப்பா.

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? நான் போய் ஒரு வார்த்தை கேக்கறேன்."

"நீ கேட்டுட்டு நாளைக்கு ரயில் ஏறிருவ. நான் பெரட்டுக்குப் போகணும். சோத்தத் தின்னு."

சித்தப்பா தின்றார். மறுநாள் ரயில் ஏறினார். நான் நினைத்ததையே ஒரு பெரியவரும் சொல்லிவிட்டாரே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு அக்கா தினமும் அந்த அறையில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. போட்டுப் பார்ப்பாள், கறுப்பாகும், அணைப்பாள். கறுத்த திரையில் நகரும் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அணைக்கவும் மறந்துவிடுவாள். வீட்டில் ரொட்டி சுடும்போதும் அவள் கண் அங்கேயே நிற்கிற மாதிரி இருக்கும். குவைத்துக்காரர் பக்கத்து லயத்துக்கு வந்துபோனதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு அம்மா அக்காவின் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். அக்கா பெரியவள் ஆன பிறகு அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டு நான் பார்த்ததே இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் கொழும்பு ஆபீசின் டெலிபோன் நம்பர் ஒட்டியிருந்தது. ஒரு பிற்பகல் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு சந்தியில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்குப் போனாள். டெலிபோன் இருந்தது மரப்பலகை அடித்த சின்னக் கூண்டுக்குள். இரண்டு பேர் நின்றால் மூச்சுவிட இடமிருக்காது. நான் அக்காவின் விலாவில் ஒட்டிக்கொண்டு நின்றதால் அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்டது.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி" என்றார் அந்த யாழ்ப்பாணத்து அண்ணன். "திரையில என்ன எழுதியிருக்கெண்டு அப்பிடியே வாசியுங்கோ."

அக்கா வாசித்தாள்.

"அது வரக்கூடாதே. கம்ப்யூட்டர் அனுப்பிற படம் மொனிட்டரால தாங்க ஏலாத அளவெண்டால்தான் அப்பிடி வரும். நான் அந்தத் தட்டை மொனிட்டருக்கு அளவாத்தானே போட்டனான்." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பூட்டின மொனிட்டர்தானே இருக்கு?"

கூண்டுக்கு வெளியே கடைக்காரர் ஸ்டாப்லரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஸ்டோரில் வேலை செய்கிற ஒருவர் சிகரெட் வாங்க நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்க சேர். அதேதான்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கறுப்பானதும் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் ஒன்று ஆகிய மூன்றையும் சேர்த்து அமுக்க வேண்டும். எழுத்து மட்டும் தெரிகிற ஒரு திரை வரும். அதில் இன்ன இன்ன அடிக்க வேண்டும். முதல் சொல் சூடோ என்றார். கம்ப்யூட்டர் சூடாகிவிட்டதைத்தான் கேட்கிறாரோ என்று நான் நினைத்தேன். அக்கா எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டாள். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

எழுத்துத் திரை வந்தது. அவள் அடித்த ஒவ்வொரு வரிக்கும் கம்ப்யூட்டர் கீழ்ப்படிந்தது. கடைசி வரிக்குப் பிறகு டக். மறுபடியும் அதே கறுப்பு. அவர் சொன்னதெல்லாம் பெரிய கிளாக்கரின் வீட்டில் கார் ஓடிக்கொண்டிருந்த மொனிட்டருக்குப் பொருத்தமான வைத்தியம். எதிரில் இருந்ததோ வேறு நோயாளி. இன்றைக்குப் பதுளை டவுனில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அக்கா ஒரு பொய் சொன்னாள், அதனால் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்பதுதான். பொய் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது முறை போனபோது வானம் இருண்டிருந்தது. இந்த முறை அவர் கொஞ்சம் குழம்பிப் போயிருந்தார். நேரில் வந்து பார்க்கலாம், ஆனால் திறப்பு விழாவுக்கு முன்னால் வர வழியில்லை என்றார். அக்கா டெலிபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"சேர், ஒண்ணு கேக்கலாங்களா? முதுகு வச்ச பழைய மொனிட்டர் ஒண்ணு இருந்தா, அதுக்கு எப்படிப் போடுறது?"

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தங்கச்சி, உங்களுக்கு முன்னால இருக்கிறது பழசோ?"

"இல்லைங்க. சும்மா தெரிஞ்சு வச்சுக்கத்தான்."

"ஆரும் பக்கத்தில நிக்கினமோ?"

"இல்லைங்க சேர்."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பழைய பெட்டிக்கு எப்படிப் போடுவது என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டிச் சொன்னார். கிடையாக எத்தனை, நெடுக்காக எத்தனை, எந்தக் கேள்விக்கு ஆம், எந்தக் கேள்விக்கு இல்லை. இந்த முறை சொல்ல நிறைய இருந்தது. அக்கா கடைக்காரரிடம் பேனை வாங்கி இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் எழுதிக்கொண்டாள். வைக்கும் முன் அவர், "எண்ணுகள் கூடினால் கறுத்துப்போகும், குறைஞ்சால் எல்லாம் பெரிசாத்தான் வரும். கவனம்" என்றார். அக்கா அவருக்கு நன்றி சொன்னாள். டெலிபோனை வைத்துவிட்டுக் கூண்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை எங்கள் பக்கம் சொல்லிவிட்டு வராது. குடை இல்லை. அக்கா இடது கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்து, அதன்மேல் தாவணியைச் சுற்றி, குனிந்துகொண்டு ஓடினாள். தேயிலைக்கு நடுவில் ஒதுங்க ஓரிடமும் இல்லை. அறையைத் திறந்து தாவணியைப் பிரித்தபோது கையில் பாதி எழுத்து இருந்தது. மீதி நீலமாக வழிந்து தாவணியில் இறங்கியிருந்தது. எண்கள் இருந்த இடம்தான் அழிந்த இடம்.

அவள் அழவில்லை. ஈரத்தோடே உட்கார்ந்து, இருக்கிற எழுத்தையும் ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு அடித்தாள். நீலத் திரையில் கேள்வி மேல் கேள்வியாக வந்தது. தெரிந்ததற்குத் தெரிந்த பதில், தெரியாததற்கு இருப்பதில் மிகச் சின்ன எண். கடைசியில் டக் என்று சத்தம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வாத்து இருந்தது. வாத்து என்று சொல்ல முடியாது, வாத்தின் வயிறு. எல்லாமே பூதம் மாதிரி வீங்கியிருந்தது. ஓர் 'அ' அடித்தால் அது தேங்காய்ப் பாதி அளவுக்கு வந்து நின்றது.

நான் கைதட்டினேன். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு தமிழ் எழுதுகிற கட்டத்தைத் திறந்து, எழுதியதை பிரின்டரில் அச்சடிக்கக் கொடுத்தாள். அதற்கான கட்டம் வந்தது. அது திரையைவிட உயரமாக இருந்தது. அச்சடி என்று அமுக்க வேண்டிய பட்டன் கட்டத்தின் அடியில், திரைக்கு வெளியே எங்கோ கீழே இருந்தது. அக்கா கட்டத்தின் தலையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். அது கூரையில் முட்டிக்கொண்ட மாதிரி நின்றது. மறுபடி எண்களை மாற்றினாள். கறுப்பு. மறுபடி சின்ன எண். வாத்தின் வயிறு. அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களும் அப்படியே போயின. மூன்றாம் முறை டெலிபோன் எடுத்தபோது அவர் ஆபீஸ் வேலையாக வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஒரு சாயந்தரம் நான் போனபோது அக்கா மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துத் தொட்டேன். தலையைத் தூக்காமலே, "பாப்பா, எனக்கு இது வராது போல இருக்கு" என்றாள். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். சித்தப்பா மொனிட்டரைத் தட்டிய மாதிரித்தான் தட்டியிருப்பேன்.

திறப்பு விழா அன்று வாசலில் வாழைமரம் கட்டினார்கள். கொழும்பிலிருந்து நிறுவனத்தின் பெரியவர் ஒருவர் வந்தார். கண்ணாடி போட்ட, நல்ல மனிதர். பிள்ளைகளின் பெயரையெல்லாம் கேட்டார். நாடாவை வெட்டிவிட்டு நேராகக் கம்ப்யூட்டரிடம் வந்தார். நான் உட்கார்ந்து நல்வரவு என்று அடிக்க வேண்டும். பிறகு என்டரை அமுக்கினால் பட்டன் தெரியாவிட்டாலும் தாளில் வந்துவிடும் என்று அக்கா கண்டுபிடித்து வைத்திருந்தாள். இருபது தடவையாவது பழகியிருப்பேன்.

ந, ல், வ வந்ததும் திரை நிறைந்துவிட்டது. பெரியவர் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"இது ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?" என்றவர் மொனிட்டரின் முதுகைத் தொட்டார். "நாங்க குடுத்தது தட்டை ஸ்கிரீன் இல்லையா?"

அறையில் நின்ற எல்லாருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். லயத்துச் சனத்துக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லாரும் கூரைக் கொக்கிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய கிளாக்கர் தொண்டையைக் கனைத்தார்.

"அது பழுதாயிருச்சுங்க. படிச்ச புள்ளையாச்சேன்னு நம்பி விட்டோம், என்னமோ கைவச்சிருச்சு. விழாவுக்கு வெறுமையா இருக்கக் கூடாதேன்னு என் வீட்டுல இருந்த பழசக் கொண்டாந்து போட்டிருக்கேன்."

"அப்படியா? உங்களுக்குப் பெரிய மனசு" என்றார் வந்தவர். அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, திட்டுகிற குரலில் அல்ல, அன்பாகவே கேட்டார். "நீங்கதான் கைவச்சீங்களாம்மா?"

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே அப்பா விருந்தாளிகளுக்கான சோடாப் போத்தல்களோடு நின்றிருந்தார். அப்பா குனிந்து போத்தல்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினார். அடுக்கி முடித்த வரிசையைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"ஆமாங்க" என்றாள் அக்கா. "நான்தான் கைவச்சேன்."

"பரவாயில்ல. பழகுற வயசு" என்று அவர் அக்காவின் தோளைத் தட்டிவிட்டு வடை வைத்திருந்த மேசைக்குப் போனார். நான் இன்னும் நாற்காலியில்தான் இருந்தேன். திரையில் பாதி நல்வரவு நின்றது. மீதியை அடிப்பதா வேண்டாமா என்று கேட்க அக்காவைத் தேடினேன். அவள் எல்லாருக்கும் வடை பரிமாறிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் அவளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். இன்னும் நன்றாகத் தெரிந்த ஓர் ஆளை டவுனிலிருந்து போடும்வரை அறை பூட்டியிருக்கட்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. யாரையும் போடவில்லை. சில வருஷத்தில் அங்கே உர மூட்டைகள் அடுக்கினார்கள்.

மறுநாள் காலை வழக்கம்போலப் பெரட்டு ஊதினார்கள். அம்மா மலைக்குப் போனாள். அன்றைக்கும் முழுப் பேர் விழுந்தது, அந்த மாதம் முழுக்க விழுந்தது. அப்பா ஸ்டோருக்குப் போய் மாடியில் கொழுந்து வாட்டினார். வீட்டில் ஒன்றும் மாறவில்லை. தை பிறந்ததும் குவைத்துக்காரர் வந்தார். அம்மா அவருக்கு அதே கூடச் சீனியோடு பிளேன்டீ கொடுத்தாள். இந்த முறை பதிலும் கொடுத்தாள்.

அக்கா பல வருஷம் குவைத்தில் இருந்தாள். இடையில் வந்துபோன நாட்களில் யாரோ ஒருவருடைய பிள்ளைகளின் பெயர்களைத் தூக்கத்தில் சொல்லுவாள். இப்போது மொனராகலைப் பக்கம் கல்யாணம் கட்டி இருக்கிறாள். நானும் அவளும் எல்லாம் பேசுவோம். அந்த அறையைப் பற்றி மட்டும் இதுவரை பேசியதில்லை.

அவள் கிளம்பிய காலையில் அவளைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட அப்பாவும் நானும் போனோம். எங்கள் வகுப்பில் பிழை செய்தவர்களை வாங்கில் ஏற்றி நிறுத்துவார்கள். மணி அடித்ததும் இறங்கி வந்து பழைய இடத்தில் உட்காரலாம். அக்கா போவதையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மொனிட்டரை உடைத்ததற்கு அவளை அனுப்புகிறார்கள், அவள்தான் உடைக்கவில்லையே, ஆகையால் விசாரித்துவிட்டுச் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொழும்பு பஸ் புறப்பட்டது. அக்கா ஜன்னலோரத்தில் நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் கை காட்டினேன். அப்பா காட்டவில்லை. பஸ் மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. தேற்றலாம் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா ஒண்ணும் செய்யலதானேப்பா. சீக்கிரம் விட்டுருவாங்க" என்றேன்.

அப்பா பஸ் நேரம் எழுதியிருந்த பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னேன்.